பையின் உச்சியில் ஒரு போன்

இரவு முழுக்கச் சார்ஜ் ஏற்றிய போன், லொயிட் பார்க்கைக் கடப்பதற்குள் மறுபடியும் அணைந்துபோனது. ஈஸ்ட் குரோய்டன் ஸ்டேசன் வாசலில் நடக்கத் தொடங்கியபோது பற்றரி நிரம்பியிருந்ததை நானே பார்த்தேன். அதன் பிறகு யாரும் அதில் பேசவில்லை. காரணமில்லாமல் எந்தப் பொருளும் நிற்காது என்று நம்புகிறவன் நான். பின்மூடியைக் கழற்றி, பற்றரியின் தகடுகளைச் சட்டை நுனியால் துடைத்துப் போட்டேன். திரை ஒளிர்ந்தது. அடுத்த மேட்டில் திரும்பவும் கறுத்தது.

"இஞ்சருங்கோ, இப்ப தாரகா கோல் எடுத்தா என்ன செய்யிறது?" என்றாள் நிர்மலா.

தாரகா என் மனைவி நிர்மலாவின் தங்கை. புதுக்குடியிருப்புக்கு அப்பால், போருக்கு நடுவே, இரண்டு பிள்ளைகளோடு ஒரு பதுங்குகுழியிலிருந்து இன்னொன்றுக்கு நகர்ந்துகொண்டிருந்தாள். யாரோ ஒருவரின் சற்றலைற் போன் எப்போதாவது ஒரு நிமிடம் கைக்குக் கிடைக்கும். அப்போது அவளுக்கு மனப்பாடமாயிருந்த ஒரே எண்ணை அழுத்துவாள். அது இந்தப் போனின் எண். கடைசியாகப் பேசியபோது, "கடற்கரைப் பக்கமா நடக்கிறம் அக்கா" என்றாள். பிறகு ஒன்றும் இல்லை.

அன்றிலிருந்து நிர்மலா கதிரையில் உட்காரவில்லை. மிச்சம் என்னும் ஊரில் எங்கள் வீட்டின் சின்னக் கூடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். கதிர்காமத்துக்கு நேர்த்திக்காக நடந்துபோன குடும்பம் அவளுடையது. ஒருநாள் நேர்த்தி வைத்தாள். குரோய்டனில் தொடங்கித் தெற்கே கடலில் முடியும் நெடும்பாதையை நடந்து தீர்ப்பதாக. பெப்ரவரிக் குளிரில் யாரும் அதைத் தொடங்குவதில்லை. "அவள் நடக்கேக்கை நான் இருக்கேலாது" என்றாள். நான் லீவு போட்டுவிட்டுப் பை கட்டினேன்.

போனைப் பையின் உச்சியிலிருந்த வலைப்பைக்குள் நிமிர்த்தி வைத்தவளும் அவள்தான். சமாதான காலத்தில் தாரகா வீட்டுக்குப் போனபோது, வவுனியாப் பக்கமிருந்து கசிந்து வரும் சிக்னலுக்காகப் போனை மாமரக் கொப்பில் தொங்கவிட்டிருந்தார்கள். மணியடித்தால் பிள்ளைகள் ஏணியோடு ஓடுவார்கள். எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லது என்பது எங்கள் இருவருக்கும் அங்கே பதிந்துபோன பாடம். பள்ளமும் காடுமாக வரும் பாதையில் சிக்னல் போய்விடக்கூடாதே என்று நானும் ஒத்துக்கொண்டேன்.

கூம்ப் வூட் தேநீர்க்கடைக்குள் நுழைந்தபோது அவள் நொண்டிக்கொண்டிருந்தாள். வெளியே மரநிழலில் போன கிழமையின் பனி அழுக்காகக் கிடந்தது. உள்ளே நல்ல சூடு. தேநீரைக் குடித்து முடித்து, நம்பிக்கையில்லாமல் பொத்தானை அழுத்தினேன். போன் விழித்துக்கொண்டது. பாதிக்கு மேல் பற்றரி காட்டியது. எங்கும் சார்ஜில் குத்தாமல் எப்படி நிரம்பியது?

யோசிப்பதற்குள் ஒரு செய்தி வந்து விழுந்தது. தவறிய அழைப்பு. இலங்கை எண் அல்ல, சற்றலைற் போனின் நீண்ட எண்.

நிர்மலா திருப்பி எடுத்தாள். மணி போகவில்லை. அங்கும் அணைத்து வைத்திருப்பார்கள். அவர்களும் பற்றரியைச் சேமிக்க வேண்டும்.

"என்ரை தங்கச்சி எடுத்திருக்கிறாள்," என்றாள். "நாங்கள் புல்லைப் பாத்துக்கொண்டு நடந்திருக்கிறம்."

"திரும்ப எடுப்பாள்."

"உங்களுக்கென்ன தெரியும்? ஊரிலை இருக்கிற றேடியோ எல்லாம் கழட்டிப் பூட்டுவியள். ஒரு போனை உயிரோடை வைச்சிருக்க ஏலேல்லை."

"வீட்டை போவம். சுவரிலை குத்தி வைச்சிட்டு இருப்பம்."

"இருந்து பாத்தனான்தானே. விசர்தான் பிடிக்கும்."

அழுதபடியே சப்பாத்தைக் கழற்றினாள். குதிக்காலில் தோல் உரிந்திருந்தது. போன் இருந்த அதே வலைப்பையிலிருந்து தேங்காய் எண்ணெய்ப் போத்தலை எடுத்துக் கவிழ்த்தாள். ஒன்றும் வரவில்லை. எண்ணெய் வெள்ளையாகக் கல்லுப்போல் இறுகியிருந்தது. வீட்டில் என்றால் ஹீற்றர் மேல் வைப்பாள். இங்கே, பக்கத்து மேசைக்காரி பார்க்கப் பார்க்க, குளிர் ஜாக்கெட்டுக்குள் கையை விட்டுப் போத்தலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் வெளியே எடுத்தபோது ஓரமெல்லாம் உருகி, நடுவில் வெள்ளைக்கட்டி மிதந்தது.

நான் போத்தலைப் பார்த்தேன். போனைப் பார்த்தேன்.

பற்றரிக்குள் மின்சாரம், குடத்துத் தண்ணீர்போல நிறைந்து நிற்பதில்லை. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் துகள்கள் நகர்ந்தால்தான் அது கிடைக்கும். குளிரில் அந்த நகர்வு மந்தமாகிறது. கேட்ட அளவு கிடைக்காத போன், பற்றரி தீர்ந்துவிட்டதென்று நினைத்துத் தன்னை அணைத்துக்கொள்கிறது. உண்மையில் எதுவும் தீரவில்லை. கடையின் சூட்டில் துகள்கள் மறுபடி நகரத் தொடங்கியிருந்தன.

"உயரத்திலை வைச்சதுதான் பிழை," என்றேன். "குளிர்காத்து நேரை அடிச்சிருக்கு."

"அப்ப சிக்னல்?"

"இஞ்சை அது சட்டைக்குள்ளையும் வரும்."

அவள் போனைக் கைலேஞ்சித் துணியில் சுற்றி, சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். ஜாக்கெட்டைக் கழுத்துவரை பூட்டினாள்.

செல்ஸ்டன் மேட்டில் காற்று முகத்தை அறுத்தது. முன்னால் நொண்டி நடந்தவள், ஒரு கையை நெஞ்சிலிருந்து எடுக்கவேயில்லை.

"போன் உயிரோடை இருக்கே?" என்று கத்திக் கேட்டேன்.

அவள் நின்று, போனை வெளியே எடுத்துக் காட்டினாள். யாரிடமிருந்தும் அழைப்பு வந்திருக்கவில்லை. ஆனால் திரையில் வெளிச்சம் இருந்தது. குளிருக்குள் போனை வெளியே வைக்கக் கூடாது. உடம்போடு ஒட்டி வைத்தால் அணையாது.