தாம்பாளத்தில் வந்த முனி

“என் பாக்குவெட்டி வாய் போச்சே மதினி, எங்க மாமியா கையால குடுத்த...”

“பாக்குத்தான் வச்சேன் மதினி, சத்தியமா கொட்டைப்பாக்குத்தான்...”

“பாக்கு டங்குன்னா சத்தம் போடும்?”

காளியாயி தாம்பாளத்தைத் தன் பக்கம் இழுத்தாள். அக்கரப்பத்தனை தேயிலைத் தோட்டத்து லயத்தில் அவளுடைய ஒற்றை அறைக் காம்பரா நிறைய மாப்பிள்ளை வீட்டார். மகள் நாகலெட்சுமிக்குப் பரிசம். தாம்பாளம் மாற்றியாயிற்று. மாப்பிள்ளையின் தாய் ராக்காயி அதிலிருந்து ஒரு பாக்கை எடுத்துச் சீவி வாயில் போட்டால்தான் பேச்சு உறுதி. அவள் சீவப்போனது பாக்கு அல்ல. எண்ணெய்க் கறுப்பேறிய இரும்பு நட்டு.

தோட்டத்து பெக்டரியில் மிசின் பழுது பார்க்கும் புருஷன் மாயாண்டியின் வெற்றிலைப் பைக்குள் கையை விட்டுப் பாராமல் அள்ளி வைத்தவள் காளியாயிதான்.

“பெரிய வித்தியாசம் இல்லீங்க,” என்று மாயாண்டி சிரித்துச் சமாளித்தான். “எங்க தோட்டத்துத் தொரை இங்கிலீசுல பாக்கும் நட்டுத்தான், தேங்காயும் நட்டுத்தான். கோவம் வந்தா, பைத்தியம்னு என்னையும் நட்டும்பாரு.”

“அப்ப தொரையே சீவித் திங்கட்டும்.” ராக்காயி முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். “சகுனம் சரியில்ல. எந்திரிடா அழகுமுத்து.”

மாப்பிள்ளை அழகுமுத்து எழவில்லை. திரைச்சீலைக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்த நாகலெட்சுமியின் வளையல் சத்தம் மட்டும் நின்றுபோயிற்று. காளியாயி எட்டி ராக்காயியின் கையைப் பிடித்தாள்.

“உக்காருங்க மதினி. அது எங்க உள்ள நட்டுன்னு கேக்கவே இல்லியே. பெக்டரியில கொழுந்து அரைக்கிற ரோதை மிசினுல இருந்தது. ரோதை முனி குடியிருக்கிற எடம். வருசா வருசம் சேவல் அறுக்கிறோமே, அந்த முனி. பரிசத் தட்டுல அவரை வைக்கிறதா வேண்டிக்கிட்டேன். நீங்க சத்தம் போடவும் பதட்டத்துல பாக்குன்னு சொல்லிட்டேன்.”

மாயாண்டி ஏதோ சொல்ல வந்தான். அவள் அவன் காலை மிதித்தாள்.

“எம் மவன் வேலை செய்ற ரோதையா?” ராக்காயியின் குரல் இறங்கிவிட்டது. போன வருஷம் அதில்தான் அழகுமுத்துவின் விரல் மயிரிழையில் தப்பியது.

“அதே ரோதைதான்.”

ராக்காயி உட்கார்ந்தாள். நட்டைக் கழுவி, மஞ்சள் பூசி, துணியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். “இனி இது எங்க சாமி தட்டுலதான் இருக்கும். பேரப்புள்ளைக்கு முடி எறக்குற வரைக்கும் யாரும் தொடக் கூடாது. அந்தப் பாக்கை எடுங்க மதினி, மெல்லுவோம்.”

மாயாண்டி மனைவியை அடுப்படிக்கு இழுத்துப்போனான்.

“அடியே, மரை தேஞ்சு போச்சுன்னு கழட்டுனது அது. அளவு காட்டி வேற வாங்க மக்பூல் நானா இரும்புக் கடைக்குக் கொண்டுபோக வச்சிருந்தேன். அது இல்லாட்டி ரோதை நிக்கும். தொரை என்னைய வேலைய விட்டே வெரட்டிடுவாரு. எப்படியாச்சும் வாங்கிக் குடு.”

திரைக்குப் பின்னால் வளையல்கள் மறுபடி குலுங்கின.

“நீங்களே போயி கேட்டு வாங்கிக்கங்க. வாங்கிட்டு, அப்படியே உள்ள போயி நாகலெட்சுமிகிட்டயும் பரிசம் நின்னுபோச்சுன்னு நீங்களே சொல்லிடுங்க.”