பெரியப்பா கேட்க வந்தது

அந்த வீட்டு வாசலில் முதலில் மாட்டிய பலகை அப்படியே இருந்திருந்தால் இன்றுவரை ஒரு பெண்கூட உள்ளே வந்திருக்க மாட்டாள். கடல் கடந்து சுவா நகரத்திலிருந்து வந்த அதிகாரியம்மா ஆசை ஆசையாய் எழுதி வாங்கி, கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்த பலகை. 'வீட்டில் அடிபடும் பெண்களுக்கான ஆலோசனை நிலையம்' என்று முழ உயர எழுத்தில் இருந்தது. எங்கள் தீவான தெற்குத் தராவாவில் இருப்பதோ ஒரே சாலை. இந்தப் பக்கம் காயல், அந்தப் பக்கம் கடல், நடுவில் நாங்கள். அந்தச் சாலையில் போகிற ஒவ்வொரு பேருந்திலும் யாராவது ஒருத்தியின் மாமியாரோ கொழுந்தனோ ஜன்னலோரமாய் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் கண்முன்னால் அந்தப் பலகைக்குக் கீழே எவள் செருப்பைக் கழற்றுவாள்? நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் அகனேத்தே ஐந்து வாரம் ஈ ஓட்டினாள். வந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் கைபேசிக்கு சார்ஜ் ஏற்ற வந்தார். இன்னொருவர் தன் பன்றி இந்தப் பக்கம் வந்ததா என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஆறாவது வாரம் அகனேத்தே பலகையைக் கழற்றிக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஒரு தையல் இயந்திரத்தைத் தூக்கி வைத்தாள். 'சிபுத்தா தைத்துத் தரப்படும்' என்று அட்டையில் எழுதி வாசலில் கட்டினாள். கழுத்தைச் சுற்றிச் சுருக்கம் வைத்த அந்த ரவிக்கை இல்லாமல் கோயிலுக்குப் போகிற பெண் எங்கள் ஊரில் கிடையாது. துணியும் கையுமாகப் போகிறவளை எவனும் எங்கே என்று கேட்கவும் மாட்டான். மறுநாளே நாலு பேர் வந்தார்கள். நாலு பேருக்கும் நிஜமாகவே சிபுத்தாதான் வேண்டியிருந்தது.

இருபது வருஷம் செவிலியாக இருந்த அகனேத்தேவுக்குக் காயத்தைத் தைக்கத் தெரியும், துணியைத் தைக்கத் தெரியாது. சுருக்கம் ஒரு பக்கம் ஏறும், ஒரு பக்கம் இறங்கும். "இதைப் போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போனா என் புருஷன் அடிக்கிறதுல ஒரு நியாயம் இருக்கும்" என்று ஒருத்தி சொன்னாள். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்து முடித்து மற்றவர்கள் எழுந்து போன பிறகும் அவள் மட்டும் போகவில்லை. ஆலோசனை நிலையத்துக்கு வந்த முதல் ஆள் அவள்தான்.

அதற்கப்புறம் அகனேத்தேவுக்கு ஆட்களை அடையாளம் கண்டுபிடிக்கப் பழகிவிட்டது. சிபுத்தாவுக்குக் கை குட்டையாகத்தான் இருக்கும். மணிக்கட்டுவரை கை வைத்துக் கேட்கிறவள் வந்தால் அளவு நாடாவைக் கீழே வைத்துவிட்டுக் கதவைச் சாத்துவாள். தண்ணீர் கொடுப்பாள். அவள் பேசும்வரை சும்மா துணியை வெட்டிக்கொண்டிருப்பாள். சுவா அம்மா விட்டுப்போன பயிற்சிப் புத்தகத்தில் ஒரு பாடம் இருந்தது. கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு 'இல்லை' என்று உரக்கச் சொல்ல வேண்டும். பெண்கள் சொல்லுவார்கள். பாதியில் கூச்சம் வந்து வாயைப் பொத்திக்கொள்வார்கள். அகனேத்தே பக்கத்தில் நின்று இன்னும் கொஞ்சம் சத்தமாக என்பாள். தான் ஒருமுறைகூட அந்தக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்ததில்லை என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை.

போன புதன்கிழமை எரிதா வந்தாள். கையில் மஞ்சள் துணி. வாசலிலேயே நின்று, மணிக்கட்டுவரை கை வேண்டும் என்று தலையைச் சாய்த்துக்கொண்டு சொன்னாள். இடது காது கேட்பதில்லை என்பதால் அப்படிச் சாய்ப்பது. அந்தக் காது எப்படிப் போனது என்று அகனேத்தேவுக்குத் தெரியும். ஏனென்றால் எரிதாவின் புருஷன் பிரிபோ அகனேத்தேவுக்குத் தம்பி முறை. பெரியப்பா தெபானோவின் கடைசி மகன்.

அடித்துவிட்டு அழுகிற ரகம் பிரிபோ. பாதிரியார் முன்னால் இரண்டு தடவை சத்தியம் செய்திருக்கிறான். இரண்டு தடவையும் எரிதா திரும்பிப் போனாள். முதல் தடவைக்குப் பிறகு காது போயிற்று, இரண்டாவது தடவைக்குப் பிறகு தோள் எலும்பு. மருத்துவமனையில் எரிதாவுக்குக் கட்டுப் போட்ட செவிலிப் பெண் அகனேத்தேவைத் தனியாகக் கூப்பிட்டு, அடுத்த தடவை இவளைப் பிணமாகத்தான் பார்ப்போம் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். எரிதாவுக்கு இந்தத் தீவில் சொந்தம் என்று யாரும் இல்லை. அப்பா, அம்மா, அண்ணன்மார் எல்லோரும் தெற்கே ஓனோதோவா தீவில். அங்கே போகிற கப்பல் வர இன்னும் பத்து நாள். அந்தப் பத்து நாளும் இவளைப் பின்னறையில் வைத்துக் காப்பாற்றிக் கப்பல் ஏற்றிவிட வேண்டும். அகனேத்தே நினைத்தது அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை முற்பகல் பெரியப்பா வந்தார்.

வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்ட இடுப்புத் துணி, எண்ணெய் தடவிப் படிய வாரிய தலை. அந்தக் கோலத்தைப் பார்த்ததுமே எதையோ கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று அகனேத்தேவுக்குத் தெரிந்துவிட்டது. வாசலை ஒட்டிப் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கள்ளுப் பாகு கலந்த தண்ணீர் கொடுத்தாள். அவர் கிணற்றில் போன பௌர்ணமிக்குக் கடல் தண்ணீர் ஏறியதைச் சொன்னார். ஈரப்பலா இந்த வருஷம் பிஞ்சிலேயே உதிர்வதைச் சொன்னார். அண்ணாந்து கூரையைப் பார்த்து, ஓலை நைந்துவிட்டது, தாழை ஓலை நாலு கட்டு அனுப்பி வைக்கிறேன் என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அகனேத்தேவுக்கு.

ஏனென்றால் இந்த வீடே அவர் கொடுத்தது. இந்த நிலையத்துக்கு இடம் தேடி ஒன்பது மாதம் அலைந்தார்கள். எந்த நிலத்தைக் கேட்டாலும் அதற்கு ஏழு பங்காளி, ஏழு பேருக்கும் ஆளுக்கொரு பயம். கடைசியில் அகனேத்தே பெரியப்பாவிடம் போய் உட்கார்ந்து புபுசி கேட்டாள். உறவுக்காரர் வந்து அந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டுவிட்டால் இல்லை என்று சொல்வது எங்கள் வழக்கத்தில் கிடையாது. வலையோ, பன்றியோ, படகோ, கேட்டது கொடுக்கப்பட வேண்டும். எதற்கு என்றுகூடப் பெரியப்பா கேட்கவில்லை. சாவியை எடுத்துக் கொடுத்தார். ஒன்பது மாதத்தில் முடியாததை ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டேன் பார் என்று அகனேத்தே ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டாள்.

கொடுக்கவும் அவள் சளைத்தவள் இல்லை. பிள்ளையைக்கூடக் கேட்பார்கள், கொடுப்பார்கள். பதினேழு வருஷத்துக்கு முன்னால், பிள்ளையில்லாத ஒன்றுவிட்ட அக்கா ஒருத்தி வந்து அவளுடைய இரண்டாவது பெண்ணைக் கேட்டாள். குழந்தைக்கு எட்டு மாதம். அகனேத்தே சிரித்த முகமாகத் தூக்கிக் கொடுத்தாள். பால் கட்டிக்கொண்டு ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தாள். என்ன காய்ச்சல் என்று கேட்டவர்களிடம் கொசு என்றாள். அந்தப் பெண் இப்போதும் கிறிஸ்துமஸுக்கு வருவாள். சித்தி என்று கூப்பிடுவாள்.

பெரியப்பா குவளையைக் கீழே வைத்தார்.

"அம்மாடி, நான் புபுசி கேக்க வந்திருக்கேன்."

அகனேத்தே பாயில் கிடந்த நூல்துண்டுகளைப் பொறுக்கினாள்.

"உன் தம்பி பொண்டாட்டிய என்கிட்ட குடு. நானே கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்."

பின்னறைத் திரைக்கு அந்தப் பக்கம் பாய் சரசரத்தது. நல்ல காதை இந்தப் பக்கம் வைத்துத்தான் எரிதா உட்கார்ந்திருப்பாள்.

அகனேத்தே மெதுவாகத்தான் ஆரம்பித்தாள். தோள் எலும்பைச் சொன்னாள். மருத்துவமனைப் பெண் சொன்னதைச் சொன்னாள். காதைப் பற்றிச் சொன்னபோது பெரியப்பா பாயின் ஓரத்தை விரலால் நிமிண்டினார். எனக்குத் தெரியும் என்றார். அன்றைக்கு அவர் வீட்டில்தான் இருந்தாராம். வயசாகிவிட்டது, அவன் கையைப் பிடித்து நிறுத்தத் தெம்பில்லை என்றார். அப்புறம், அவன் நாளைக்கு ஊர் கூடும் மனேபாவில் என் இடத்தில் உட்கார வேண்டியவன், பொண்டாட்டி ஓடிப்போனவன் என்று பேர் வந்தால் அந்தச் சபையில் எப்படி வாய் திறப்பான் என்றார். பொய் சொல்லத் தெரியாத மனுஷர். அதுதான் அகனேத்தேவை வதைத்தது. கெட்டவராக இருந்தால் வெறுத்துவிட்டுப் போய்விடலாம். இவர் தோளில் உட்கார்ந்து அவள் திருவிழா பார்த்திருக்கிறாள்.

ஒரே ஒரு வழி தோன்றியது. நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நானும் புபுசி கேக்கறேன் பெரியப்பா. அவள எனக்குக் குடுங்க."

பெரியப்பா அவளைப் பார்த்து, சின்ன வயதில் அவள் சீட்டாட்டத்தில் ஏமாற்றும்போது சிரிக்கிற அதே சிரிப்பைச் சிரித்தார்.

"நான் முதல்ல கேட்டுட்டேனே அம்மாடி."

உண்மைதான். முதலில் கேட்டவருக்குத்தான். கொடுத்துவிட்டு அப்புறம் வேண்டுமானால் கேட்டுக்கொள்ளலாம். அதற்குள் எரிதா பிரிபோவின் வீட்டுக்குள் போயிருப்பாள்.

வீட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தை எடுக்கவில்லை. எடுக்கவும் மாட்டார், கொடுத்ததைச் சொல்லிக்காட்டுகிற ஆள் இல்லை. ஆனால் உட்கார்ந்திருக்கிற பாய்க்குக் கீழே இருக்கிற தரை அவருடையது. சாய்ந்திருக்கிற தூண் அவர் வெட்டிக் கொண்டுவந்தது. எழுந்து ஓடலாம் என்றால் எங்கே ஓடுவது? இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் ஒரு சாலை, சாலை முழுக்கச் சொந்தக்காரர்கள். காவல் நிலையத்தில் உட்கார்ந்திருப்பவனும் பெரியப்பாவுக்குப் பேரன் முறைதான். அவனிடமும் இவர் புபுசி கேட்டால் அவன் மட்டும் என்ன செய்வான்?

திரை விலகியது. எரிதா வந்து நின்றாள். கையில் துணி மூட்டை. கட்டியே வைத்திருந்தாள் போல. மஞ்சள் சிபுத்தாவைப் போட்டிருந்தாள். கை ஒன்று மணிக்கட்டுக்கு வந்திருந்தது, இன்னொன்று விரல்வரை தொங்கியது.

"விடுங்கக்கா. நான் போறேன். எனக்காக நீங்க அந்த வார்த்தைய சொல்ல வேணாம்."

இல்லை என்கிற அந்த வார்த்தை. அவளும் இந்த மண்ணில் பிறந்தவள்தானே. அகனேத்தேவால் சொல்ல முடியாது என்று தெரிந்து, அவளுக்கு அவமானம் வராமல் இருக்கத் தன்னையே எடுத்து நீட்டுகிறாள். அப்படித்தான் தானும் அன்றைக்குக் குழந்தையை நீட்டினோம் என்று அகனேத்தேவுக்குத் தோன்றியது. சிரித்த முகமாக. எரிதாவும் சிரிக்கத்தான் பார்த்தாள், வாய் ஒரு பக்கம்தான் ஒத்துழைத்தது.

பெரியப்பா எழுவதற்காகத் தரையில் கையை ஊன்றினார்.

"இல்ல பெரியப்பா" என்றாள் அகனேத்தே. "குடுக்க மாட்டேன்."

சத்தம்கூடப் பெரிதாக வரவில்லை. புத்தகத்தில் சொன்ன மாதிரி நிமிர்ந்து, கண்ணைப் பார்த்து எல்லாம் சொல்லவில்லை. அவருடைய சட்டைப் பொத்தானைப் பார்த்துத்தான் சொன்னாள். இவ்வளவுதானா அந்த வார்த்தை? பதினேழு வருஷத்துக்கு முன்னாலும் இந்த வாய் இருந்ததே. அன்றைக்கும் இதே நாக்குதானே.

பெரியப்பா ஊன்றிய கையை எடுத்தார். திரும்ப உட்கார்ந்தார். கோபப்படவில்லை. எழுபத்தொரு வயதில் எத்தனையோ முறை புபுசி கேட்டிருக்கிறார், ஒரு தடவைகூட வெறுங்கையோடு எழுந்து போனதில்லை. அவருக்குத் தெரிந்த யாரும் போனதில்லை. எப்படிப் போவது என்று அவருக்குத் தெரியவில்லை. காலியான குவளையை எடுத்து ஒருமுறை வாயில் கவிழ்த்துப் பார்த்தார்.

"இனிமே நான் என்னம்மா செய்யணும்?"

"எனக்கும் தெரியல பெரியப்பா."

நிஜமாகவே தெரியவில்லை. மத்தியானத்துக்குள் இது தீவின் கோடியில் இருக்கும் பேசோவரை போய்விடும். இனி இந்தத் தீவில் அவள் யாரிடமும் எதையும் கேட்க முடியாது, ஒரு தேங்காய்கூட. ஞாயிற்றுக்கிழமை மனேபாவில் அவள் பக்கத்துப் பாய் காலியாக இருக்கும். கப்பலுக்கு இன்னும் நாலு நாள். எரிதா மூட்டையோடு திரைக்கும் பாய்க்கும் நடுவில் நின்றாள், உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. வெளியே ஒரு பேருந்து வேகம் குறைந்து, ஜன்னல் முகமெல்லாம் இந்தப் பக்கம் திரும்பி, போயிற்று.

பேருந்து போன இடத்தில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். அகனேத்தே இதற்குமுன் பார்த்திராத பெண். மடித்த நீலத் துணியை மார்போடு அணைத்திருந்தாள். வாசல்வரை வந்தவள் உள்ளே பெரியவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் செருப்போடு அப்படியே நின்றுவிட்டாள்.

"கை கொஞ்சம் நீளமா வேணும்" என்றாள், யாரையும் பார்க்காமல்.

பெரியப்பா தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். அப்புறம் எரிதாவின் விரல்வரை தொங்கிய மஞ்சள் சிபுத்தாக் கையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அகனேத்தே அளவு நாடாவை எடுத்தாள். பெரியப்பா முழங்காலை மடக்கி, சுவரோடு ஒட்டி, அந்தப் பெண் உள்ளே வர வழி விட்டார். எழுந்து மட்டும் போகவில்லை.