டெண்டுக் கொட்டகையில் எங்களுக்கு ஒரு தனி இடம்

நாங்கள் ஜெயித்த கதையைக் கமலாம்பாளிடம் கேட்டால் ஒரு மாதிரி சொல்வாள், சின்னப்பொண்ணிடம் கேட்டால் வேறு மாதிரி சொல்வாள். இரண்டையும் நம்பாதீர்கள். இருவருக்கும் மேடை கிடைத்தால் போதும், மைக்கைப் பிடுங்குவதற்குத் தனியாக ஆள் வைக்க வேண்டும். எனக்கு அவர்கள் இரண்டு பேர் மேலும் பெரிய மரியாதை கிடையாது. அதனால் நான் சொல்வதுதான் நடந்தது.

முதலில் நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். சித்திரைப் பௌர்ணமிக்குக் கூத்தாண்டவர் கோயிலுக்குப் போய்த் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அதை அறுத்துப்போட்டு ஒப்பாரி வைத்துவிட்டுத் திரும்புகிறவர்கள். ஆண்பிள்ளைப் பெயர் வைத்து எங்களை வளர்த்தார்கள். நாங்கள் பெண்ணாக வளர்ந்து நின்றோம். ஊர் எங்களுக்கு வைத்த பெயர்கள் நிறைய உண்டு, அவற்றை ஊரே வைத்துக்கொள்ளட்டும். செஞ்சிச் சந்தையில் கடை கடையாகக் கைதட்டிக் கேட்பது, திருவிழாக்களில் ஆடுவது, கல்யாண வீடுகளில் சமைப்பது, இதுதான் எங்கள் பிழைப்பு. எல்லோருக்கும் மூத்தவள் ரத்தினம்மாள். அவள் வீட்டில்தான் இருந்தோம், அவளைத்தான் அம்மா என்று கூப்பிட்டோம்.

தேர்தல் முடிந்து ஆட்சி மாறிய வருஷம் அது. செஞ்சியில் எவனும் சாதாரணமாகப் பேசுவதில்லை, தும்மினால்கூட அடுக்குமொழியில்தான் தும்மினான். எட்டாம் வகுப்புவரை படித்த கமலாம்பாளுக்கும் அந்தக் காய்ச்சல் பிடித்துக்கொண்டது. பொதுக்கூட்டம் ஒன்றைக்கூட விடமாட்டாள். குழம்பில் உப்பு இல்லை என்று சொல்ல வேண்டுமானால், "உப்பிலாக் குழம்பு, உணர்விலா உடம்பு" என்பாள். உப்பு டப்பாவை எடுத்துக் கொடுப்பது மட்டும் நான்தான்.

அந்தச் சமயத்தில்தான் ஆதிமூலம் எங்களைத் தடுத்தார். திருவண்ணாமலை ரோட்டில் அவருடைய டெண்டுக் கொட்டகை. மணல் தரை, நடுவில் இடுப்பளவு மண்சுவர். இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். வாசலும் வேறு, டிக்கெட் கொடுக்கிற பொந்தும் வேறு. ஆண்கள் பக்கம் ஒரே ஒரு தடவை உட்கார்ந்திருக்கிறோம். அன்றைக்குப் படம் பார்த்ததைவிட, மேலே விழுந்த கைகளைத் தட்டிவிட்டதுதான் அதிகம். அதற்குப் பிறகு பெண்கள் பக்கத்துக் கடைசி வரிசைக்குப் போனோம். பெண்கள் முதலில் முறைத்தார்கள், அப்புறம் நகர்ந்து இடம் விட்டார்கள், அப்புறம் அழுகிற குழந்தையை எங்கள் மடியில் போட்டுவிட்டு நிம்மதியாகப் படம் பார்த்தார்கள். அப்படி ஒரு குழந்தை என் மடியில் தூங்கியதை அதன் அப்பன் எட்டிப் பார்த்துவிட்டான். ஊரில் பெரிய மனுஷன். மறுநாளே ஆதிமூலம் பெண்கள் வாசலில் டிக்கெட் கிழிக்கிற கன்னியப்பனை நிற்க வைத்து, எங்களை உள்ளே விடாதே என்று சொல்லிவிட்டார்.

எங்களுக்கெல்லாம் அது மானப் பிரச்சினை. ஜோசப்பினுக்கு மட்டும் அது அம்மா பிரச்சினை.

ஜோசப்பின் வல்லம் பக்கத்துப் பெண். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் செபாஸ்தியான். அவள் அப்பா யாகப்பன், அவள் சேலை கட்டியதைப் பார்த்த அன்றைக்கே கதவைச் சாத்தியவர். அவளோடு பேசினால் உனக்கும் இந்த வீட்டில் இடமில்லை என்று பெண்டாட்டி அருளம்மாளிடம் பைபிள்மேல் கைவைத்துச் சொன்னவர். ஞாயிற்றுக்கிழமை ஜோசப்பின் மாதா கோயிலுக்குப் போனாலும் வாசலில் நின்றுதான் பூசை பார்ப்பாள். அங்கேயும் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம்.

அருளம்மாள் சந்தை நாளில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்க ஊர்ப் பெண்களோடு செஞ்சிக்கு வருவாள். சந்தை முடிந்ததும் எல்லோரும் சாயங்கால ஆட்டத்துக்குப் போவார்கள். ஊர்ப் பெண்கள் முன்னால் போய் உட்கார, முன்னால் உட்கார்ந்தால் எனக்குக் கண் எரியுது என்று சொல்லிவிட்டு அருளம்மாள் கடைசி வரிசைக்கு வந்துவிடுவாள். விளக்கு அணைந்ததும் ஜோசப்பின் அவள் பக்கத்தில் போய் உட்காருவாள். அவித்த மல்லாட்டையை அருளம்மாள் உரித்து உரித்து மகளின் கையில் வைப்பாள். "சாப்டியா? இளைச்சுட்டியேடா, செபாஸ்தியானு" என்பாள். படத்தில் யார் அழுகிறார்கள், யார் ஆடுகிறார்கள் என்று அம்மாவுக்கும் தெரியாது, மகளுக்கும் தெரியாது. ரீல் மாற்ற விளக்குப் போட்டால் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, யாரோ எவரோ என்று உட்கார்ந்திருப்பார்கள். விளக்கு அணைந்தால் மறுபடி அம்மா மகள். அவ்வளவுதான் அவர்களுக்கு இருந்த வீடு.

இந்த வீடு போய்விட்டது என்றுதான் ஜோசப்பின் அழுதாள். நாங்கள் கூட்டம் போட்டோம்.

கோட்டைக்குள் பழைய குதிரை லாயத்தில் கூடினோம். ராஜாவின் குதிரைகள் நின்ற இடத்தில் நாங்கள் உட்கார்ந்து உரிமை பேசினோம். குதிரைகள் எங்களைவிட அமைதியாக இருந்திருக்கும்.

கமலாம்பாள் முதலில் எழுந்தாள். "பெருமதிப்பிற்குரிய ரத்தினம்மாள் அவர்களே" என்று ஆரம்பித்தாள். ரத்தினம்மாள் வெற்றிலை மென்றுகொண்டு பக்கத்தில்தான் இருந்தாள். "நாம மரியாதையா நடந்தாத்தான் ஊரு நம்மள மதிக்கும். கஞ்சி போட்ட சேல கட்டிக்கினு போவணும். கை தட்டக் கூடாது. வெத்தல போடக் கூடாது. கெட்ட வார்த்த கூடவே கூடாது. முதலாளிகிட்ட வணக்கம் சொல்லி, பதமா எடுத்துச் சொல்லணும்."

"வெத்தல கூடவா?" என்றாள் ரத்தினம்மாள். இயக்கம் அந்த இடத்திலேயே உடைந்திருக்க வேண்டியது.

சின்னப்பொண்ணு துள்ளி எழுந்தாள். "கஞ்சி போட்ட சேலையப் பாத்து எவன்டி எடம் குடுத்தான்? கொட்டா வாசல்ல நின்னு எல்லாரும் கை தட்டுவோம். அதுக்கும் மசியலன்னா சேலையத் தூக்குவோம். படம் பாக்க ஒருத்தன் இருக்கமாட்டான்."

"படம் பாக்க நாமளும் இருக்கமாட்டோம், ஸ்டேஷன்ல இருப்போம்" என்றாள் கமலாம்பாள்.

"நீ அவன் கால்ல விழு போ!"

"நீ எங்க எல்லாரையும் ஜெயில்ல தள்ளு!"

எப்படிக் கேட்பது என்பதில் பாதிச் சாயங்காலம் போனது. என்ன கேட்பது என்பதில் மீதி போனது. பெண்கள் பக்கமே வேண்டும் என்று கேட்டால், அவர்கள் இடத்தில் ஒண்டுகிற மாதிரி ஆகிவிடும் என்றாள் கமலாம்பாள். ஆண்கள் பக்கம் என்றால் செத்துவிடலாம் என்றாள் சின்னப்பொண்ணு. அந்த ஒரு விஷயத்தில் எல்லோருக்கும் ஒரே கருத்து. கடைசியில் ரத்தினம்மாள் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "எவ பக்கத்துலயும் ஒண்ட வேணாம். நமக்குன்னு தனி எடம் கேளுங்கடி. கௌரவமா இருக்கும்" என்றாள். கௌரவம் என்ற வார்த்தையைக் கேட்டதும் இரண்டு கட்சியும் கைதட்டின. கமலாம்பாள்கூடத் தட்டினாள், பிறகு ஞாபகம் வந்து கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் ஜோசப்பின் வாயைத் திறந்தாள். "யம்மா, எனக்குத் தனி எடமெல்லாம் வேணாம். பொம்பளைங்க பக்கம் கடைசி வரிசைல தூண் ஓரமா ஒரு எடம் போதும். எங்கம்மா அங்கதான் வரும்."

கமலாம்பாள் அவள் தோளில் கைவைத்தாள். எனக்கு அந்தக் கையைப் பிடித்து முறுக்கத் தோன்றியது. "ஜோசப்பினு, இது நம்ம எல்லாரோட போராட்டம். ஒருத்தியோட குடும்ப விஷயத்த இதுல கொண்டாராதே. நாளைக்கு வர்றவளுங்களையும் நெனைக்கணும்."

"நாளைக்கு வர்றவளுக்கு அம்மா இருக்கமாட்டாளா, யக்கா?" என்றாள் ஜோசப்பின்.

எல்லோரும் அவசரமாக அடுத்த விஷயத்துக்குப் போனார்கள். தனி இடத்துக்குள் வேறு யாரும் வரக்கூடாது என்று ஒரு சட்டம் போட்டாள் கமலாம்பாள். ஆண்கள் வந்து நுழைந்துவிடுவார்கள் என்று பயம், நியாயமான பயம்தான். அப்புறம், வாசலில் மாட்டுகிற பலகையில் நம்மை என்னவென்று எழுதுவது? விடுங்கள். அந்த ஒரு கேள்விக்கு அடுத்த மூன்று கூட்டங்களும் போயின. ஒருத்தி சொன்ன பெயர் இன்னொருத்திக்கு வசவாக இருந்தது. இன்னொருத்தி சொன்ன பெயர் புராணத்தில் இருந்தது, யாருக்கும் வாயில் நுழையவில்லை.

ஒரு வழியாக ஆதிமூலத்திடம் போனோம். எல்லோரும் கஞ்சி போட்ட சேலை, நடந்தால் தகரம் மாதிரி சத்தம். கமலாம்பாள் வணக்கம் சொல்லிப் பேச ஆரம்பித்தாள். பேச்சு நீண்டுகொண்டே போனது. பொறுக்க முடியாமல் சின்னப்பொண்ணு ஒரே ஒரு தட்டுத் தட்டினாள். பின்னால் கட்டியிருந்த மாடு மிரண்டது. ஆதிமூலம், "சரி, சரி, எடுத்துக்குங்க" என்றார்.

வணக்கத்தால் கிடைத்தது என்று கமலாம்பாள் இன்றைக்கும் சொல்வாள். தட்டால் கிடைத்தது என்று சின்னப்பொண்ணு சொல்வாள். கன்னியப்பன் என்னிடம் சொன்னது வேறு. பெண்கள் பக்கத்தின் பின்மூலையில் காலி சோடாப் பெட்டிகள் அடுக்கிய இடம் ஒன்று சும்மா கிடந்தது. அதைச் சுற்றி மூங்கில் தட்டி கட்டிவிட்டால் பெரிய மனுஷனும் வாயை மூடுவான், எங்கள் டிக்கெட் காசும் போகாது என்று ஆதிமூலம் முதலிலேயே யோசித்து வைத்திருந்தாராம். நாங்கள் போய்க் கேட்காவிட்டாலும் அதைத்தான் செய்திருப்பார். போராடி வாங்கிய தனி இடம் இதுதான். பலகையும் மாட்டினார்கள். ஆண்கள், பெண்கள் என்று இரண்டு பலகைகளில் எழுத்து இருந்தது. எங்கள் பலகையில் வெள்ளைச் சுண்ணாம்பு மட்டும் இருந்தது. பெயர் முடிவானதும் எழுதிக்கொள்ளலாம் என்றாள் கமலாம்பாள்.

அடுத்த சந்தை நாளில் திறப்பு விழா. மாலை போட்டு, சூடம் கொளுத்தி, வாசலில் கமலாம்பாளே காவலுக்கு நின்றாள். ஜோசப்பின் உள்ளே போய்த் தட்டி ஓரமாக உட்கார்ந்து, மூங்கில் இடுக்கில் கண்ணை வைத்துப் பெண்கள் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் வெற்றியைக் கொண்டாட அவள் முகம் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

டிக்கெட் கொடுக்கும்போது போடுகிற பாட்டு முடிகிற நேரத்தில் அருளம்மாள் வந்தாள். கடைசி வரிசைத் தூண் ஓரத்தைப் பார்த்தாள். ஆள் இல்லை. கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். தட்டிக்குள்ளிருந்து ஒரு கை வெளியே நீண்டது. அவளுக்குத் தெரிந்த கை. நேராக எங்கள் வாசலுக்கு வந்துவிட்டாள்.

கமலாம்பாள் குறுக்கே கையை நீட்டினாள். "இது எங்க எடம்மா. பொம்பளைங்க அந்தப் பக்கம்."

"உள்ள எம் புள்ள இருக்குது."

"இருக்கலாம்மா. ஆனா வேற யாரும் வரக் கூடாதுன்னு தீர்மானம்."

"விடுடி, பெத்தவ!" என்று சின்னப்பொண்ணு கத்தினாள். "இன்னிக்கு அம்மான்னு விட்டா நாளைக்கு மாமன் வருவான், மச்சான் வருவான்" என்றாள் ரத்தினம்மாள். பெற்ற தாய் வேறு யாரோவா, நம்மவளா என்று வாசலிலேயே விவாதம் ஆரம்பமானது. ஆட்டம் தொடங்கப் போகிறது, உள்ளே போங்க என்று கன்னியப்பன் சத்தம் போட்டான். யார் கேட்டார்கள்? எங்களைத் தடுத்த கன்னியப்பனைவிட நாங்கள் நன்றாகத் தடுத்தோம்.

அருளம்மாள் ஒவ்வொருத்தி முகத்தையும் பார்த்தாள். பிறகு கூடையைத் தரையில் வைத்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். விரல்களை விரித்து, உள்ளங்கையோடு உள்ளங்கை மோத, படாரென்று ஒரு தட்டு. எங்கள் தட்டு. சந்தையில் மகள் கடை கடையாகத் தட்டுவதைத் தூரத்திலிருந்து பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

"நானும் உங்க ஆளுதான்" என்றாள். "இப்போ இன்னாங்குற?"

கமலாம்பாளின் கை தானாக இறங்கியது. எட்டாம் வகுப்புப் படிப்பு, பொதுக்கூட்டம், தீர்மானம் எதுவும் அப்போது அவளுக்கு உதவவில்லை. சிரிப்பு வந்தது எனக்கு, கண்ணிலும் தண்ணீர் வந்தது. அருளம்மாள் கூடையோடு உள்ளே போய், மகளை வாசல் பக்கம் இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

ஆனால் தட்டின சத்தம் கொட்டகை முழுக்கக் கேட்டிருந்தது. விளக்கு இன்னும் அணையவில்லை. முன் வரிசையிலிருந்து வல்லத்துப் பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி ராயம்மாள், யாகப்பனின் கூடப்பிறந்த தங்கை. எழுந்து நின்றே கேட்டாள்.

"அண்ணி, அது நீயா? அங்க இன்னா பண்ற?"

ஜோசப்பின் பழக்கத்தில் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அருளம்மாள் அவள் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். நல்ல வெளிச்சத்தில், ஊர் பார்க்க, மடியில் மல்லாட்டையைக் கொட்டி உரிக்க ஆரம்பித்தாள்.

"எம் பொண்ணுகூடப் படம் பாக்குறேன்" என்றாள். "போயி உங்க அண்ணங்கிட்ட சொல்லு."