தொட்டிக் கல்லில் இருந்த பெயர்

மடவார் வளாகத்துத் தெருமுனைக் குடிநீர்த் தொட்டிக்குக் கிணறு தோண்டும்போதுதான் வெள்ளத்தாயின் புருஷன் மண் சரிந்து செத்தான். தொட்டியைக் கட்டிக்கொடுத்த ராஜபாளையத்து மில்காரர், அவன் பெயரை அடிக்கல்லில் வெட்டச் சொன்னார். அது நடந்து நாற்பத்திரண்டு வருஷம். கிணறு வற்றி, தொட்டியில் குப்பை சேர்ந்த பிறகும் பெயர் இருந்தது.

புருஷன் பெயரை அவள் வாயால் சொன்னதில்லை. அவன் செத்த பின்னும் சொல்லவில்லை. ரேஷன் கடையில் கேட்டால் அட்டையை நீட்டுவாள். தெருவில் கேட்டால் கல்லைக் காட்டுவாள். அவளுக்கு எழுத்து தெரியாது. ஆடி அமாவாசைதோறும் கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்து, ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிவிட்டு, எழுத்துப் பள்ளங்களை விரலால் தடவிப் பார்ப்பாள். வருஷத்துக்கு வருஷம் பள்ளம் தூர்ந்துகொண்டே வந்தது.

இந்த வருஷம் மில்காரரின் பேரன் தொட்டியைப் புதுப்பித்தார். புதுக் குழாய், சங்கிலி கட்டிய டம்ளர். திறப்பு விழாவுக்கு முந்தின நாள் கொத்தனார் ஜெயபாண்டி அடிக்கல்லில் கல் தேய்க்கும் கிரைண்டரை வைத்தான். காலையில் அவள் வந்தபோது கல் வழவழவென்று இருந்தது.

"விரல் கனத்துக்குச் சுண்ணாம்பு, ஆச்சி. எழுத்து இருந்ததே தெரியல," என்றான்.

அவன்மேல் குற்றமில்லை. அத்தனையும் அவள் அடித்த சுண்ணாம்பு.

விழா முடியும்போது விஷயம் பேரன் காதுக்குப் போனது. நல்ல மனிதர். வருத்தப்பட்டு, நாளைக்கே புதிதாக வெட்டச் சொன்னார். பெயர் அவருக்கும் தெரியாது, தெருவில் இப்போது குடியிருப்பவர்களுக்கும் தெரியாது. அவருடைய மானேஜர் குறிப்பேட்டோடு அவளிடம் வந்தார்.

"பேரு சொல்லுங்க ஆச்சி."

அவள் கல்லைப் பார்த்தாள்.

"அட்டை வீட்டுல இருக்கு சார். செத்த நேரம் நில்லுங்க, எடுத்தாரேன்."

"முதலாளி வண்டியில ஏறிட்டாரு. இந்த வயசுல என்ன ஆச்சி வெட்கம்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வெள்ளத்தாய் முந்தானையால் வாயைப் பொத்தினாள். பிறகு எடுத்தாள்.

"கண்ணுச்சாமி."

யாரோ ஒரு ஆளின் பெயர் போல இருந்தது.

மானேஜர் எழுதிக்கொண்டு ஓடினார். கார் ராஜபாளையம் பக்கம் திரும்பியது.

கூட்டம் கலைந்ததும் அவள் டம்ளரில் தண்ணீர் பிடித்தாள். குடிக்கவில்லை. கல்லில் ஊற்றி, விரல் வைத்துத் தேடினாள். எங்கும் தட்டுப்படவில்லை. தண்ணீர் வழிந்து சாக்கடைக்குப் போனது.