ஹவுளில் கரித்த தண்ணீர்

மூன்று கிழமைக்குள் ஷிம்லாவின் வெங்காயத் தாள்கள் நுனி கருகி வைக்கோல் நிறமாகிவிட்டன. தோட்டத்துத் தண்ணீர் உப்புக் கரித்தது. கற்பிட்டிப் பக்கத்து அந்தச் சின்ன ஊரில் இன்னும் ஆறு தோட்டங்களுக்கு இதே கதிதான். கிணறு கெட்டால் கிணற்றைத்தானே பார்க்க வேண்டும்? ஊர் ஆளைப் பார்த்தது. ஊரை ஒட்டிய கடலேரியான களப்பின் ஓரத்தில் இறால் பண்ணை வைத்திருக்கும் யோசேப்பு, யுத்த காலத்தில் வன்னியிலிருந்து வந்து குடியேறியவர். முப்பது வருடமாகியும் அவர் ஊருக்கு ‘வந்த ஆள்’தான். அவருடைய பண்ணையின் உப்புத் தண்ணீர்தான் நிலத்துக்குள் ஊறுகிறது என்று விசாரிக்காமலே தீர்த்தாகிவிட்டது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பண்ணைக் கரையை வெட்டி, தண்ணீரையும் இறாலையும் களப்புக்குள் விடுவதாகப் பேச்சு. இறால் பிடிக்க இன்னும் இரண்டு கிழமை இருந்தது.

பள்ளிவாசல் தலைவர் பதுர்தீன் ஹாஜியார் மட்டும் ஒரு சாட்சி தேடினார். ஊரோடு திரும்பி வந்திருந்த ஷிம்லாவின் அண்ணன் ஃபைஸலைக் கூப்பிட்டார். ஓமான் எண்ணெய் வயலில் ஃபைஸல் பதினான்கு வருடம் செய்த வேலையே அதுதான். எண்ணெய்க் கிணற்றில் அளவுக்கு மிஞ்சித் தண்ணீர் வந்தால், அது பக்கத்திலிருந்து கசிகிறதா, குழாய் ஓட்டையா, அடியிலிருந்து ஏறுகிறதா என்று கண்டுபிடித்துச் சொல்வான்.

“வெள்ளிக்கு முந்திப் பாத்துச் சொல்லுங்க ஃபைஸல். ஒங்கட வாயால வந்தா ஒருத்தரும் மறுத்துக் கதைக்க மாட்டாங்க” என்றார் ஹாஜியார்.

ஃபைஸல் முதலில் யோசேப்பின் வீட்டுக்குப் போனான். பண்ணைக் கரையிலிருந்து பத்து எட்டில் அவருடைய குடிதண்ணீர்க் கிணறு. அந்தத் தண்ணீரிலேயே தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார்.

“குடியுங்கோ தம்பி. வாளியால அள்ளுற கிணறுதான். பண்ணையால உப்பு ஊறுதெண்டா முதல் எங்களுக்கல்லோ கரிக்கோணும்?”

கரிக்கவில்லை. உப்பு மீட்டரும் அதையேதான் சொன்னது. பண்ணைதான் காரணம் என்று இருந்துவிட்டால் எவ்வளவு நிம்மதி என்று நினைத்துக்கொண்டு வந்தவன் ஃபைஸல்.

வீட்டுக்கு வந்து தங்கள் குழாய்க் கிணற்றின் மோட்டரை இரண்டு நாள் நிறுத்தி வைத்தான். வியாழன் காலையில் மறுபடி ஓடவிட்டு, மணிக்கு ஒரு போத்தலாகத் தண்ணீர் பிடித்தான். முதல் போத்தலில் உப்பு பாதியாகக் குறைந்திருந்தது. மூன்றாவது போத்தலில் பழைய அளவுக்கே வந்துவிட்டது. ஐந்தாவதில் அதையும் தாண்டியது. பக்கத்தால் கசிகிற உப்பு இப்படி மோட்டரோடு சேர்ந்து ஏறி இறங்காது. எண்ணெய் வயலில் எண்ணெய் மேலே, தண்ணீர் கீழே. இங்கே நல்ல தண்ணீர் மேலே, கடலின் உப்பு கீழே. ஆழத்திலிருந்து பேராசையோடு இழுத்தால் கீழே கிடப்பது மேலே வரும். இதைப் பதினான்கு வருடம் அடுத்தவர்களுக்குச் சொல்லிச் சம்பளம் வாங்கியவன், இரண்டு வருடத்துக்கு முன் லீவில் வந்து, ஊரிலேயே ஆழமான குழாயை இறக்கி, ஊரிலேயே பெரிய மோட்டரைப் பூட்டி, இரவு பகலாக இறைக்கச் சொல்லிவிட்டுப் போனான். ஊருக்குத்தானே உபதேசம்.

போத்தல்களை வரிசையாகப் பார்த்த ஷிம்லாவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

“சொல்லாதீங்க நாநா” என்றாள். “கரைய வெட்டினா யோசேப்பண்ணன் ஒருத்தருக்குத்தான் நட்டம். இதச் சொன்னா நாம இந்த ஊர்ல இரிக்க ஏலா.”

சொல்லாமல் விடுவது அவ்வளவு சுலபமாக இருந்தது ஃபைஸலுக்கே அசிங்கமாகப் பட்டது.

வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் மதிலில் ஏழெட்டு மண்வெட்டிகள் சாத்தியிருந்தன. தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவும் தண்ணீர்த் தொட்டியான ஹவுளடியில் ஃபைஸல் ஒளுச் செய்யக் குந்தினான். கையைக் கழுவி, தண்ணீரை அள்ளி வாயில் ஊற்றினான். கரித்தது. அவனுக்கு இரண்டு பக்கமும் வரிசையில் இருந்தவர்கள் ஒரே நேரத்தில் துப்பிவிட்டு நிமிர்ந்தார்கள்.

“பள்ளிக் கிணத்துக்கும் வந்திட்டான் யோசேப்பு” என்றார் பதுர்தீன் ஹாஜியார், தாடியைத் துடைத்துக்கொண்டே. “இனி என்ன சாட்சி?”

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பண்ணை களப்புப் பக்கம், பள்ளி கடல் பக்கம். இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று அங்கே ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது.

ஃபைஸல் எழுந்து நின்றான். “யோசேப்பண்ணன்ட கிணறு நல்லா இரிக்கி ஹாஜியார். உப்பு பண்ணையால வரல்ல, அடியால ஏறுது. நடுவுல இரிக்கிறது எங்கட குழாய்க் கிணறு. இழுத்தெடுத்தது நான்.”

யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“அப்ப மோட்டர நிப்பாட்டினா?” ஹாஜியாரின் குரல் தணிந்துவிட்டது. “எத்தின நாள்ல சரி வரும்?”

கரையை வெட்டினால் தீர்ந்துவிடும் என்று நம்பி வந்த முகங்கள் எல்லாம் அவனையே பார்த்தன.

“கொஞ்சம் கொறயும்” என்றான் ஃபைஸல். “ஏறின தண்ணி முழுசா எறங்கி நான் ஒரு கிணத்துலயும் கண்டதில்ல.”

மோதினார் பாங்கு சொல்லத் தொடங்கினார். ஒளுவில் வாய் கொப்பளிப்பது மூன்று தரம். வரிசையில் இருந்தவர்கள் குனிந்து, அதே தண்ணீரை இரண்டாம் தரம் வாயில் ஊற்றிக்கொண்டார்கள்.