பூட்டு விழுந்த பெயர்

இருபது கிலோ எடைக்கல் அஜித்குமாரின் வலக்கையின்மேல் இறங்கியபோது எழுந்த ஓசை, காய்ந்த பூண்டுத்தாள் முறியும் ஓசையைக் காட்டிலும் பெரிதாக இல்லை. அவனுடைய அலறல்தான் கொட்டகை முழுவதும் அறைந்தது. கொடைக்கானல் மேல்மலைப் போளூரில், தகரக் கூரை வேய்ந்த அந்தப் பூண்டுப் புகைக்கொட்டகையின் மூலையில் ஒரு தடியனின் பிடியில் சிக்கியிருந்த அவன் தமக்கை பாண்டிச்செல்வி, தன் குரல் தனக்கே கேளாதவாறு கத்தினாள்.

“குடுத்துர்றேன்! குடுத்துர்றேன்யா! அவன் கைய விடச் சொல்லுங்க!”

“இத மொதல்லயே சொல்லியிருந்தா கை மிஞ்சியிருக்கும்ல?” என்றார் ஞானவேல். பழனி அடிவாரத்தில் மூன்று தலைமுறையாகப் பூண்டு மொத்த வியாபாரம் செய்யும் குடும்பத்தவர் அவர். நெற்றியில் காலையில் பூசிய திருநீறு கலையவில்லை. “முடியாதுன்னு வாய் கிழியச் சொன்னேல்ல. ஏலே செந்தில்வேலு, கல்ல எடு. எடுத்துப் பக்கத்துலயே வச்சுக்க.”

செந்தில்வேல் கல்லைத் தூக்கினான். அதன் அடியில் இருந்தது கைதானா என்று ஐயுறும்படி இருந்தது. பாண்டிச்செல்வி பார்வையைத் திருப்பிக்கொண்டாள். ‘முடியாது’ என்று தான் சொன்ன சொல்லே கல்லாக மாறித் தம்பியின் விரல்களின்மேல் விழுந்ததாக அவளுக்குத் தோன்றியது.

ஞானவேல் கேட்டது ஒரு பெயரை. ‘போளூர்பூண்டு’ என்று தொடங்கி, நாட்டின் குறியாகிய ‘டாட் இன்’ என்று முடியும் இணையதளப் பெயர் அது. முன்பெல்லாம் போளூரில் விளையும் பூண்டு முழுவதும் அவருடைய கிட்டங்கிக்கே இறங்கியது; அவர் சொன்னதே விலையாகவும் இருந்தது. பின்னர் அக்காளும் தம்பியும் ஊராரைச் சேர்த்துக்கொண்டு அந்தப் பெயரைப் பதிந்து, அதில் ஒரு கடையைத் திறந்தனர். சென்னையிலும் பெங்களூரிலும் இருப்போர் அந்தப் பெயரைத் தட்டினால் பூண்டு நேரே மலையிலிருந்து புறப்பட்டது. ஞானவேலின் கிட்டங்கியில் எலிகள் மெலிந்தன. அவர் ‘போளூர்ப் பூண்டு’ என்னும் வணிகக் குறியைத் தம் பெயரில் பதிந்துகொண்டார். ஆயினும் வாடிக்கையாளர்கள் பழைய கதவையே தட்டினர். அந்தக் கதவு வேண்டும் என்பதற்காகவே இன்று ஜீப்பில் ஆட்களுடன் ஏறி வந்திருந்தார்.

இணையப் பெயர் என்பது சுவரில் மாட்டிய பலகை அன்று, பெயர்த்துக்கொண்டு போவதற்கு. நாட்டின் குறியோடு முடியும் பெயர்கள் அனைத்திற்கும் டில்லியில் ஒரு தேசியப் பதிவகம் உண்டு. எந்தப் பெயர் எவர் கையில் என்னும் மூலப் பதிவு அதனிடமே இருக்கும். அது எவருக்கும் நேரே விற்பதில்லை. அதன் இசைவு பெற்ற நிறுவனங்களே விற்கும். வாங்கியவரும் அதற்கு உடைமையாளர் ஆகிவிடுவதில்லை. தவறாமல் புதுப்பித்து ஆண்டு அனுபவிக்கும் குத்தகைக்காரர்போல்தான். ஒருவர் கணக்கிலிருந்து மற்றவர் கணக்கிற்குப் பெயர் மாற வேண்டுமானால், இருப்பவர் தம் கணக்கைத் திறந்து ஒரு மாற்றுக் குறியீட்டை எடுத்துத் தர வேண்டும். ஞானவேல் அந்தக் குறியீட்டுக்காகத்தான் எடைக்கல்லைத் தூக்கச் செய்தார்.

பாண்டிச்செல்வி கைப்பேசியைத் திறந்தாள். குறியீட்டை உரக்கப் படித்தாள். ஞானவேலின் கைப்பேசியில், பழனி பேருந்து நிலையத்தருகே கணினிக் கடை வைத்திருக்கும் சக்திவேலின் குரல் ஒவ்வோர் எழுத்தாகத் திருப்பிச் சொன்னது.

“போட்டாச்சாலே?”

“போட்டேண்ணே. ஏத்துக்க மாட்டேங்குது.”

ஞானவேல் தலையசைத்தார். பாண்டிச்செல்வியின் கன்னத்தில் விழுந்த அறையில் அவள் உதடு கிழிந்தது. “சூது பண்றியா? தப்புத் தப்பா வாசிக்கிறியா?”

“அய்யோ, சரியாத்தான் வாசிச்சேன்! நீங்களே பாருங்க!”

அவரே வாங்கிப் பார்த்து, ஓர் எழுத்தையும் விடாமல் படித்தார். மறுமுனையில் விசைப்பலகை தட்டும் ஒலி கேட்டது. பின்பு சக்திவேல் தொண்டையைச் செருமினான்.

“அண்ணே, குறியீடு சரிதான். ஆனா மேல இருந்தே பூட்டு விழுந்து கெடக்கு. டில்லிப் பதிவகமே போட்ட பூட்டு. பேர் மேல பிராது நிலுவையில இருக்காம். தீர்ப்பு ஆகுறவரைக்கும் யார் கணக்குக்கும் மாறாது.”

“எந்த நாய்ப்பய பிராது குடுத்தான்?”

மறுமுனையில் மீண்டும் விசைப்பலகை தட்டும் ஒலி கேட்டது.

“நீங்கதாண்ணே.”

பாண்டிச்செல்வியைப் பிடித்திருந்தவனுக்குச் சிரிப்பு மூக்கு வழியாக வெளிப்பட்டுவிட்டது. ஞானவேல் திரும்பி அவன் வயிற்றில் உதைத்தார். அவன் பூண்டுக் குவியலின்மேல் மல்லாந்து விழுந்தான்.

ஞானவேலின் வழக்கம் பழனி முழுவதும் அறிந்தது. கடைக்கு முன் சாக்கடை அடைத்தாலும் சரி, பங்காளி வரப்பை வெட்டினாலும் சரி, அவர் ஒரு மனுவோடு நிறுத்த மாட்டார். ஆட்சியருக்கு ஒன்று, அமைச்சருக்கு ஒன்று, காவல் துறைக்கு ஒன்று, வணிகர் சங்கத்துக்கு ஒன்று எனத் திசையெங்கும் அனுப்பிவிடுவார். ஏதேனும் ஒரு கதவு திறவாதா என்பது அவர் நம்பிக்கை. பெரும்பாலும் எந்தக் கதவும் திறந்ததில்லை. ஆதலால் மனுவைப் போட்ட மறுநாளே மறந்துவிட்டு, ஆட்களைத் திரட்டுவதும் அவர் வழக்கமாயிற்று. பாண்டிச்செல்வியின்மேல் மனுக்கள் பறந்தபோது, வணிகக் குறியைப் பதிந்து தந்த வழக்கறிஞர், “பதிவகத்துக்கும் ஒண்ணு போட்டு வைப்போம்ங்க” என்று சொல்ல, இவரும் கையெழுத்திட்டிருந்தார். மற்ற மனுக்கள் எல்லாம் மேசைகளில் உறங்கின. இந்த ஒன்று மட்டும் உறங்கவில்லை. பிராது கிடைத்தவுடன் பெயரை அசையாமல் பூட்டிவிட்டு, அதன் பின்னரே நடுவரை நியமித்து எதிர்தரப்புக்கு அறிவிப்பு அனுப்புவது பதிவகத்தின் விதி. அறிவிப்பு இன்னும் மலையேறவில்லை. பூட்டு மட்டும் விழுந்துவிட்டது.

“அப்ப டில்லிக்குப் போனப் போடுறா,” என்று ஞானவேல் உறுமினார். “நான் குடுத்த மனு. நானே தூக்கிக்கிறேன்.”

சக்திவேல் எண்ணைச் சொன்னான். நெடுநேரம் இசை ஒலித்தது. அஜித்குமார் தரையில் சுருண்டு முனகிக்கொண்டிருந்தான். இறுதியில் ஒரு பெண்குரல் இந்தியில் பேசியது. பின் ஆங்கிலத்தில் பேசியது. ஞானவேல் தமிழில் கத்தினார். அதன்பின், தமிழறிந்த ஓர் இளைஞன் அழைப்பில் இணைந்தான்.

“சார், வழக்கை வாபஸ் வாங்கணும்னா எழுத்துல மெயில் அனுப்புங்க. நடுவர் பதிவு பண்ணி உத்தரவு போட்ட பிறகுதான் பூட்டு எடுப்போம். போன்ல எதுவும் பண்ண முடியாது சார்.”

“ஏலே, நான் யாருன்னு தெரியுமாடா ஒனக்கு? ஒன் ஆபீசு எங்கடா இருக்கு?”

“இணையதளத்துல முகவரி இருக்கு சார். வேற ஏதாவது உதவி வேணுமா?”

அழைப்பு அறுந்தது. ஞானவேலின் முகத்தில் அன்று முதன்முறையாகத் திகைப்புத் தெரிந்தது. தம் வாழ்நாளில் அவர் எத்தனையோ பூட்டுகளைக் கடப்பாரையால் பெயர்த்தவர். எத்தனையோ மனிதர்களைக் கழுத்தைப் பிடித்து இழுத்தவர். இந்தப் பூட்டுக்குக் கதவும் இல்லை, கழுத்தும் இல்லை. சினம் போக வழியறியாமல் கால்வழியே இறங்கியது. பூண்டுக்குப் புகை காட்டுவதற்காகக் கொட்டகை நடுவே தணிந்து எரிந்துகொண்டிருந்த கட்டைகளை அவர் ஓங்கி உதைத்தார். கொள்ளிகள் சிதறின. ஒன்று மூங்கில் பரண்மேல் தொங்கிய பூண்டுக் கட்டுகளின் காய்ந்த தாளில் பற்றியது.

போளூரில் எந்தக் கொட்டகையிலும் புகை எழும். ஆனால் நீலமாக, மெலிதாக எழும். கருத்துத் திரண்ட புகையைக் கண்டதும் மேல்தட்டு வயல்களில் களை வெட்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தனர். அடுத்த கணம் ஓடினர்.

முதலில் உள்ளே பாய்ந்தவள் வீரம்மாள். பாண்டிச்செல்வியின் சின்னம்மா. கையிலிருந்த களைக்கொத்தியின் காம்பு செந்தில்வேலின் முழங்காலில் இறங்கியது. அவன் கல்லைப் போட்டுவிட்டுத் தானும் விழுந்தான். மற்றவன் கதவை நோக்கி ஓட, அங்கு நின்றவர்கள் அவனைத் திருப்பி உள்ளேயே எறிந்தனர். ஞானவேலை மலைச்சாமி பிடித்தார். ஊரில் எவர் சண்டையையும் விலக்கிவிடும் மனிதர் அவர். அன்று அவர் விலக்கவில்லை. தீயணைக்க ஊற்றிய நீரில் சேறான தரையில் ஞானவேலின் முகத்தைத் தேய்த்து, அவரைப் புரட்டி மார்பின்மேல் முழங்காலை ஊன்றி, தாள் அறுக்கும் அரிவாளைக் குரல்வளையில் வைத்தார். சிலர் எரியும் கட்டுகளை இழுத்து வெளியே வீசினர். சிலர் குடங்களோடு ஓடி வந்து தீயை அணைத்தனர். மீதிப்பேர் அடித்தனர். அடி விழுந்த இடமெல்லாம் சதை ஒலித்தது.

நடந்ததையும் டில்லிப் பூட்டையும் பாண்டிச்செல்வி இரண்டே வரியில் கத்திச் சொன்னாள். “ஏ செல்வி,” என்றார் மலைச்சாமி மூச்சிரைக்க. “இந்தப் பய டில்லியில என்னமோ மனுப் போட்டிருக்கானாம்ல? வாபஸ்னு இப்பவே எழுதி அனுப்பச் சொல்லு. எழுதலைன்னா இந்த அருவா கழுத்துல இறங்கும்.”

“இறக்கு மாமா!” என்று எவரோ கூவினர்.

ஞானவேலின் கைப்பேசி சேற்றில் கிடந்தது. வீரம்மாள் அதை எடுத்துச் சேலையில் துடைத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். “எழுதுறா. வெரசா எழுது.”

ஞானவேல் இரத்தத்தைத் துப்பினார். “எழுதுறேன், எழுதுறேன்,” என்றார். அந்தக் கண்களில் அச்சம் இருந்தது. அச்சத்திற்கு அடியில் வேறொன்றும் மின்னியது. பாண்டிச்செல்வி அதைக் கண்டாள்.

அவர் ஏன் இத்துணை எளிதாக இசைகிறார்? பிராதைத் திரும்பப் பெற்றால் பூட்டு எடுபடும். பூட்டு எடுபட்டால் பெயர் மீண்டும் அசையக்கூடியதாகும். பின்பு ஒருநாள், வயலில் எவருமில்லாத பொழுதில், இன்னும் அதிக ஆட்களோடு ஜீப் ஏறி வரும். அப்போது தம்பியின் இடக்கை. அதன்பின் அவள் கை. குறியீட்டை வாசித்துவிட்டால் அந்த நொடியே பெயர் போகும். இன்று போகாததற்கு ஒரே காரணம் இந்தப் பூட்டு. அது கடையையும் மூடவில்லை. வருகிறவர் வருகிறார், வாங்குகிறவர் வாங்குகிறார். பெயரைப் பறிப்பதை மட்டும்தான் அது தடுக்கிறது.

“எழுத வேணாம்,” என்றாள் அவள்.

“என்ன புள்ள சொல்ற?”

“வழக்கு நடக்கட்டும் மாமா. அவரு கையால போட்ட பூட்டு. அது கெடக்கட்டும். அது கெடக்குற வரைக்கும் எவன் கைய ஒடைச்சாலும் பேரு இங்கேருந்து நகராது.”

ஞானவேலின் கண்ணில் மின்னியது அணைந்தது. “வழக்குன்னா நான்தாண்டி ஜெயிப்பேன்,” என்றார் கிழிந்த வாயால். “வணிகக் குறி எம்பேர்ல இருக்கு. அப்ப அவனுகளே பேரத் தூக்கி எங்கையில குடுப்பானுக.”

அது வெறும் வீம்பு அன்று. அவள் அதை அறிவாள். நடுவர் அவருக்குச் சாதகமாக எழுதினால், தம்பியின் கை நொறுங்கியதும் வீண், ஊர் திரண்டதும் வீண். கையருகே எடைக்கல் கிடந்தது. அதைத் தூக்க வேண்டும் என்று ஒரு கணம் தோன்றியது, தூக்கவும் செய்தாள். ஞானவேலின் கை சேற்றில் விரிந்து கிடந்தது. எவரும் அவளைத் தடுக்கவில்லை. ஊர் முழுவதும் காத்து நின்றது.

கல்லை அவள் போட்டாள். அது அவர் விரல்களுக்கு ஒரு சாண் தள்ளிச் சேற்றில் புதைந்தது. ஞானவேல் அலறிவிட்டார்.

“ஜெயிச்சா எடுத்துக்கங்க மொதலாளி,” என்றாள். “ஆனா அந்த நடுவர்கிட்ட கல்லத் தூக்கிட்டுப் போக முடியாது. நீங்க பேசுறத நீங்க எழுதுங்க. நான் பேசுறத நான் எழுதுறேன்.”

செய்தி அறிந்து காவலர்கள் வந்து மூவரையும் ஏற்றிக்கொண்டு போன அதே வேளையில், காய்கறி ஏற்றும் வண்டியில் அஜித்குமாரைக் கிடத்தி ஊரார் கொடைக்கானலுக்கு இறக்கினர். வழி நெடுக மேகம் சாலையில் படுத்திருந்தது. துண்டில் சுற்றிய கையை அவள் மடியில் ஏந்தியிருந்தாள். ஒவ்வொரு வளைவிலும் துண்டு மேலும் சிவந்தது.

மறுநாள் முற்பகலில் மருத்துவமனை வராந்தாவில் அவள் அமர்ந்திருந்தபோது பதிவகத்தின் அறிவிப்பு கைப்பேசியில் மின்னஞ்சலாக வந்து சேர்ந்தது. மூன்று விரல்கள் இனி மடங்கா என்று மருத்துவர் கூறிச் சென்ற சிறிது நேரத்திற்குள் அது வந்தது. நடுவரின் பெயர் அதில் இருந்தது. அவள் கேள்விப்படாத பெயர். அவர் தீர்மானிக்கவிருப்பவை மூன்று. பெயரும் பிராதுக்காரரின் வணிகக் குறியும் ஒத்திருக்கின்றனவா? வைத்திருப்பவருக்கு அதில் நியாயமான உரிமை உண்டா? தீய எண்ணத்தோடு பதியப்பட்டதா? அவள் மும்முறை படித்தாள். எடைக்கல்லைப் பற்றியோ, விரல்களைப் பற்றியோ அதில் எதுவும் இல்லை.

கட்டிலுக்குச் சென்று தம்பிக்கு வாசித்துக் காட்டினாள்.

“அக்கா, எங்கைய ஒரு போட்டோ எடுத்து வைப்பமா?”

“வேணாம்டா. அது ஸ்டேஷனுக்கு. இவரு கேக்குறது வேற.”

“அப்ப என்னத்த வைக்கிறது?”

அவள் சிந்தித்தாள். ஞானவேல் வணிகக் குறியைப் பதிவதற்கு முன்பே அந்தப் பெயரில் புறப்பட்ட முதல் மூட்டையின் படம் கைப்பேசியில் இருந்தது. அதில் அஜித்குமார் இரண்டு கைகளாலும் மூட்டையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். பின்னால் போளூர் என்று எழுதிய பேருந்து நிறுத்தப் பலகை தெரிந்தது. அதை நடுவருக்கான பதிலோடு இணைத்தாள்.

இதுவரை வாடிக்கையாளர்களுக்குப் பதில்கள் அனைத்தையும் தட்டச்சு செய்தவன் அவன்தான். இப்போது அவள் ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டத் தொடங்கினாள். அவன் வலியில் பல்லைக் கடித்தவாறு திரையை எட்டிப் பார்த்தான்.

“வெரசா அடிக்கா,” என்றான். “விடிஞ்சிரும் போலருக்கே.”

“விடிஞ்சுதான்டா கெடக்கு. நீ சொல்லு. மொதல்ல என்ன போட?”

“ஊர்ப் பேரப் போடு,” என்றான் அவன். “பூண்டு அங்கேருந்துதான வருது.”