மேல்பெட்டி மட்டும்

கானா நாட்டுப் பணத்தில் நாலாயிரத்து முந்நூற்று அறுபது சீடி. மருந்து வேன்காரன் அம்போன்சாவுக்கு மருந்துக்கடைக்காரி டுஃபியே வைத்திருந்த பாக்கி. அதைக் கட்டாமல் புதுச் சரக்கு இறக்க மாட்டேன் என்று நின்றவன், அன்றைக்கு வேனுக்குள்ளிருந்து வேறொரு பெட்டிக்கட்டை எடுத்தான்.

"காலி அலமாரிய வெச்சு யாவாரம் பண்ணுவியாக்கா? மலேரியா மாத்திரை. பாதி விலை. வித்துட்டுக் குடு."

"பில்லு?"

"பில்லு வேணும்னா முழு விலை" என்று சிரித்தான்.

குமாசியின் சின்ன மருந்துக்கடைக்காரர்கள் எல்லாரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். கட்டின் மேல்பெட்டியில் இருந்த பூச்சைச் சுரண்டி, உள்ளிருந்த எண்ணை அசலா போலியா என்று சொல்லும் நம்பருக்குப் போனில் அனுப்பினாள். அசல் என்று பதில் வந்தது. மேலே சரியென்றால் கட்டே சரி. எல்லாவற்றையும் சுரண்டினால், சுரண்டிய பெட்டியை எவன் வாங்குவான்?

கென்கே என்ற சோள உருண்டை விற்கும் செர்வாவின் மகளுக்குக் காய்ச்சல். அடியிலிருந்து ஒரு பெட்டி உருவிக் கொடுத்தாள். மறுநாள் சாயங்காலம் செர்வா மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"எறங்கவேயில்லக்கா. கூப்பிட்டா முழிக்க மாட்டேங்குது."

டுஃபியே கட்டைப் பிரித்தாள். அடுத்த பெட்டியைச் சுரண்டினாள். அவசரத்தில் எண்ணைத் தப்பாக அழுத்தினாள். திரும்ப அனுப்பினாள். இப்படியொரு எண்ணே இல்லை என்றது பதில். அதற்கடுத்த பெட்டிக்கும் அதே பதில்.

"புள்ளயத் தூக்குடி! நான் குடுத்தது போலி."

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். இருவரும் இரவெல்லாம் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் மத்தியானம் பிள்ளை தண்ணீர் கேட்டது. செர்வா டுஃபியேவின் முகத்தைப் பார்க்கவேயில்லை.

வெளியே வந்ததும் போன் அடித்தது. எப்படியோ சேதி அம்போன்சாவுக்குப் போயிருந்தது.

"பழைய பாக்கிய நான் தலைமுழுகிட்டேன்க்கா. நீ வாயத் தொறக்காத. வித்தது நீ. சீல் வெச்சா உன் கடைக்குத்தான்."

அது பொய்யில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. கட்டாமல் விட்டால் அந்தப் பாக்கி இனி கடனில்லை, கழுத்துக் கயிறு. இன்னும் எத்தனை கடையில் அந்தக் கட்டு இருக்கிறதோ!

கடையின் கண்ணாடிக் குளிர்பெட்டியைக் கிடைத்த விலைக்குத் தள்ளினாள். போன் வழியாகவே பாக்கிப் பணத்தை அவனுக்கு அனுப்பினாள். உடனே கூப்பிட்டான்.

"உனக்கென்ன பைத்தியமா? யாரு கேட்டா?"

"பழசு முழுசும் வந்துடுச்சா பாரு. போலிப் பெட்டிக்கு ஒரு காசும் கெடையாது. அதெல்லாம் என் பையில இருக்கு. மருந்து அதிகாரி ஆபீஸ் வாசல்ல நிக்கிறேன்."

"கடை போயிடும்க்கா!"

"தெரியும்" என்றாள். பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "பணம் வந்துச்சா, இல்லையா?"



"வந்துடுச்சு" என்றான்.